ஏ.டி.ஆர்.-இலிருந்து ஏ320-க்கு: பாண்டு முடியும் முன்பே நிறுவனம் மாறலாமா?

வலது_இருக்கை:

வணக்கம். ஏ.டி.ஆர். 72-600 என்ற சிறிய புரொப்பெல்லர் விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசராக (துணை விமானியாக) இருக்கிறேன், பேஸ் பெங்களூரு. மொத்தம் 1,150 மணி, அதில் ஏ.டி.ஆர். மட்டும் 950. மாதம் சராசரி 60 மணி பறக்கிறேன். குறிப்பிட்ட காலம் இங்கேயே வேலை செய்வதாக எழுதிக் கொடுத்த பாண்டில் இன்னும் பத்து மாதம் பாக்கி. இன்னொரு நிறுவனம் ஏ320 ஜெட் விமானத்துக்கு எடுக்கிறது. டைப் ரேட்டிங் (அந்த வகை விமானத்தை ஓட்டும் தகுதி) செலவு அவர்களுடையது, அதற்கு ஐந்து வருட பாண்டு. சம்பளம் இப்போதையதைவிடக் கூடுதல். இங்கேயே இருந்தால் இரண்டு வருடத்தில் கமாண்ட் (கேப்டன் பதவி) வரலாம் என்கிறார்கள். எதை வைத்து முடிவெடுப்பது? நோட்டீஸ், என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) விஷயத்தில் எங்கே சிக்கல் வரும்?

மீனம்பாக்கம்_07:

தம்பி, சம்பளத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் தேதிகளை ஒரு தாளில் எழுதுங்கள்.

விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ. 2017-இல் திருத்திய விதிப்படி ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு நோட்டீஸ் ஆறு மாதம், கமாண்டருக்கு ஒரு வருடம். கமாண்ட் வாங்கினால் உங்கள் நோட்டீஸும் இரட்டிப்பாகிறது. ‘கமாண்ட் வாங்கிவிட்டுப் போகலாம்’ என்று நினைப்பவர் அந்த ஒரு வருடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நோட்டீஸ் காலத்தில் பறக்க மாட்டேன் என்று நீங்கள் சொல்ல முடியாது. நிறுவனமும் சம்பளத்தையோ சலுகைகளையோ குறைக்கக்கூடாது. ராஜினாமாவை ஏற்று முன்கூட்டியே என்.ஓ.சி. கொடுத்தால் மட்டுமே காலம் குறையும். அதை எழுத்தில் வாங்குங்கள்.

பாண்டு வேறு, நோட்டீஸ் வேறு. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடலாம். பாக்கி பத்து மாதம் என்றால், நான்கு மாதம் கழித்து நோட்டீஸ் கொடுத்தால் இரண்டும் ஒன்றாக முடியும். அதற்கு முன் பாண்டுப் பத்திரத்தில் இரண்டு வரிகளைத் தேடுங்கள். ஒன்று, பாண்டு நீங்கள் சேர்ந்த நாளிலிருந்து ஓடுகிறதா, லைன் ரிலீஸ் ஆன (பயிற்சி முடிந்து வழக்கமான பணிக்கு அனுமதி கிடைத்த) நாளிலிருந்தா? இதில் சில மாத வித்தியாசம் வரும், பலர் தடுக்கி விழுவது இங்கேதான். இரண்டு, நோட்டீஸ் காலம் பாண்டுச் சேவையில் சேருமா?

பாண்டை உடைத்தால் பத்திரத்தில் போட்ட முழுத் தொகையும் தானாக அவர்களுக்குச் சேராது. ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான், அந்தத் தொகை அதன் உச்சவரம்பு. அதற்காக ‘பாண்டு செல்லாது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் பணிப் பாண்டு செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

ரன்வே25:

மேலே சொன்னதோடு கமாண்ட் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

ஏ.டி.ஆர். டைப் ரேட்டிங் ஏ320-க்குக் குறுக்குவழி ஆகாது. முழுப் படிப்பு: கிரவுண்ட் கிளாஸ், சிமுலேட்டர் செஷன்கள், ஸ்கில் டெஸ்ட், லைசென்ஸில் எண்டார்ஸ்மென்ட், பிறகு பயிற்சிக் கேப்டனோடு பயணிகள் விமானத்தில் லைன் டிரெய்னிங், கடைசியில் ரிலீஸ் செக். தடையில்லாமல் நடந்தால் நான்கைந்து மாதம். ஆனால் சிமுலேட்டர் ஸ்லாட்டோ பயிற்சிக் கேப்டனோ கிடைக்காமல் நடுவில் இடைவெளி விழும். அந்த நாட்களில் பறக்கும் அலவன்ஸ் கிடையாது, மணியும் ஏறாது.

ஆக, பத்து மாதம் இங்கே, ஐந்து மாதம் பயிற்சி. பதினைந்தாவது மாதம்தான் ரிலீஸ் ஆன ஃபர்ஸ்ட் ஆபீசர். சீனியாரிட்டியில் கடைசி ஆள். கமாண்டுக்கு அந்த வகை விமானத்திலேயே 1,500 மணி வேண்டும் என்று அவர்கள் மேனுவல் சொன்னால், மாதம் 60 என்று மேலும் இருபத்தைந்து மாதம். மொத்தம் நாற்பது மாதம், அதுவும் வரிசையில் உங்களுக்கு முன்னால் யாரும் இல்லாவிட்டால். இங்கே இருபத்து நான்கு என்கிறீர்கள். அந்த இருபத்து நான்கை யார் சொன்னது? கடந்த ஒரு வருடத்தில் எத்தனை பேர் ஏ.டி.ஆர். கமாண்டுக்கு ஏறினார்கள், புதிதாக எத்தனை விமானம் வருகிறது, உங்கள் சீனியாரிட்டி எண் என்ன? இந்த மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அது வெறும் பேச்சு.

என் கருத்து: ஜெட்தான் உங்கள் இலக்கு என்றால் போங்கள், ஆனால் பத்து மாதம் முடித்துவிட்டு. ஏ.டி.ஆர். கேப்டன் ஆன பிறகு மாறினால் ஒரு வருட நோட்டீஸும் இருந்து, பெரும்பாலும் மறுபடி வலது இருக்கையில், அதாவது ஃபர்ஸ்ட் ஆபீசராகத்தான் உட்கார வேண்டிவரும். கமாண்ட் உறுதி என்று அந்த மூன்று பதில்களும் காட்டினால் மட்டும் இருங்கள். தனிப்பொறுப்பு மணிக்கு (கேப்டனாகப் பொறுப்பேற்றுப் பறந்த மணிக்கு) எங்கே போனாலும் மதிப்பு உண்டு.

காத்திருப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. மாதம் 60 என்றால் ஆறு மாதத்தில் ஏ.டி.பி.எல்.-க்கு (கேப்டனாவதற்கான உரிமம்) வேண்டிய மொத்த மணி 1,500-ஐத் தாண்டுவீர்கள். ஏ.டி.பி.எல். தாள்களை இப்போதே எழுதத் தொடங்குங்கள். மொத்த மணி மட்டும் போதாது. இரவு, கருவி (கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தது), தனிப்பொறுப்பு மணிகளைத் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். கேப்டனின் மேற்பார்வையில் நீங்கள் பொறுப்பேற்றுப் பறந்த மணிகளுக்கு அவர் கையொப்பத்தை வேலையில் இருக்கும்போதே வாங்குங்கள். டி.ஜி.சி.ஏ.-வின் இ.ஜி.சி.ஏ. இணையதள லாக்புக்கில் நிறுவனம் ஒப்புதல் தராத வரி ஒன்றுகூட இல்லாமல் வெளியே வாருங்கள். வேலையை விட்ட பிறகு அந்த ஒப்புதலுக்காக அலைவது பெரும்பாடு.

கணக்கு_அக்கா:

புது நிறுவனத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது, கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம். நிறுவனம் நிற்கும்போது நூற்றுக்கணக்கான பைலட்டுகள் ஒரே வாரத்தில் வேலை தேடுவார்கள், குறைந்த மணி உள்ளவர்தான் கடைசியில் நிற்பார். அங்கே வேலை செய்பவரிடம் ‘கம்பெனி எப்படி’ என்று கேட்காதீர்கள். பி.எஃப். பாஸ்புக்கில் போன மாதத் தொகை ஏறியதா, சம்பளத்தில் பிடித்த வரி (டி.டி.எஸ்.) வருமானவரித் தளத்தில் அவர்கள் கணக்கில் தெரிகிறதா என்று கேளுங்கள். பணத் தட்டுப்பாடு முதலில் அங்கேதான் தெரியும்.

ஆஃபர் லெட்டரில் பார்க்க வேண்டியவை: பயிற்சிக் காலச் சம்பளம் எவ்வளவு, மாதம் எத்தனை மணிக்கு உத்தரவாதம், பாண்டுத் தொகை மாதாமாதம் குறையுமா, ஸ்கில் டெஸ்டில் தவறினால் செலவு யார் தலையில், பேஸ் எழுத்தில் உண்டா. ஐந்து வருட பாண்டில் தொகை கடைசி நாள் வரை குறையாமல் நின்றால் நான் கையெழுத்துப் போடச் சொல்ல மாட்டேன்.

ரோஸ்டரும் மாறும். ஏ.டி.ஆர். பெரும்பாலும் பகல் வேலை, ஜெட்டில் நள்ளிரவு கூடும். வாராந்தர ஓய்வு 2025 ஜூலை முதல் 48 மணி. நவம்பர் முதல் இரவு நேரம் என்பது நள்ளிரவு 12-லிருந்து காலை 6 வரை, அந்த நேரத்தைத் தொடும் பணியில் தரையிறக்கம் இரண்டுதான். டிசம்பரில் பைலட் போதாமல் இண்டிகோ விமானங்கள் கூட்டம் கூட்டமாக ரத்தானபோது சில விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். அதனால் ஒரு விமானத்துக்கு எத்தனை பைலட் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆள் குறைவான இடத்தில் விதி காகிதத்தில் இருந்தாலும் லீவு கிடைக்காது.

பி.எஃப்.-ஐ எடுக்காதீர்கள், மாற்றுங்கள். ஐந்து வருடத் தொடர்ச்சி இல்லாமல் எடுத்தால் வரி விழும்.

வலது_இருக்கை:

மூவருக்கும் நன்றி. புது நிறுவனம் அடுத்த மாதமே வரச் சொல்கிறது, நோட்டீஸ் பணத்தைத் தாங்களே கட்டுகிறோம் என்கிறார்கள். அப்படிப் போனால்?

மீனம்பாக்கம்_07:

பழைய நிறுவனம் ஏற்றுக்கொண்டு என்.ஓ.சி. கொடுத்தால் சரி. பணத்தை அனுப்பிவிட்டு நீங்களாகக் கிளம்பக்கூடாது. 2023-இல் ஆகாசா ஏரிலிருந்து 43 பைலட்டுகள் நோட்டீஸ் முடிக்காமல் போனதும் விமானங்கள் ரத்தாகி, விஷயம் நீதிமன்றம் வரை போனது. 1,150 மணியில் உங்கள் பெயர் அப்படி ஒரு பட்டியலில் வரக்கூடாது தம்பி. தவிர, அவர்கள் கட்டும் பணம் உங்கள் வருமானமாகக் கருதப்பட்டு வரியும் வரும், அதை யார் ஏற்பது என்று கேளுங்கள்.

அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: ‘சேரும் தேதி இன்னது, அதுவரை ஆஃபர் செல்லும் என்று எழுதித் தரவும்.’ அந்தப் பதில் கைக்கு வரும்வரை ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள். கடைசி வாரத்தில் விமான நிலைய நுழைவு அட்டையை ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள். புது அட்டை புது நிறுவனம் வழியாகத்தான் வரும், அதற்கும் சில வாரம் ஆகும்.