மாவட்டத்து கல்யாண போட்டோகிராபர்களைச் செய்திப் படத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

வெண்ணாறு (கேள்வி)

வணக்கம். நாகை, திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் புகைப்படக்காரர் சங்கங்களோடு சேர்ந்து ஒரு பயிற்சி நடத்தும் எண்ணம் இருக்கிறது. எந்த ஊரிலும் முழு ஃப்ரேம் கேமராவும் 70-200 லென்சும் வைத்திருக்கும் கல்யாண போட்டோகிராபர் ஒருவராவது உண்டு. செய்திக்குப் படம் எடுப்பவர்களோ மாவட்டத் தலைநகரில் இருக்கும் சிலர்தான். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது இதன் விலை தெரிந்தது. சாலையெல்லாம் மரம், மின்சாரம் இல்லை, வெளியூர்க்காரர்கள் உள்கிராமங்களுக்குப் போய்ச் சேர நாளாயிற்று. அந்தக் கிராமங்களிலும் கேமரா இருந்திருக்கும். அதை வெளியே எடுக்க வேண்டும் என்று தோன்றாததும், எடுத்தாலும் எங்கே அனுப்புவது என்று தெரியாததும்தான் சிக்கல்.

சென்னையிலிருந்து ஒருவரை அழைத்து இரண்டு நாள் பட்டறை, கடைசியில் சான்றிதழ் என்று திட்டம். இது உதவுமா? முதலில் எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்? சட்டத்தில் எங்கே மாட்டிக்கொள்வார்கள்?

படமேசை

இரண்டு நாள் பட்டறையில் ஊக்கம் வரும், பழக்கம் வராது. அதே செலவை ஆறு வாரத்துக்குப் பரப்புங்கள். வாரம் ஒரு மாலை கூடிப் படங்களைப் பார்ப்பது, இடைப்பட்ட நாட்களில் ஒரு வேலை.

தேதியை முகூர்த்த நாட்காட்டி பார்த்து வையுங்கள். வைகாசியில் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள். ஆடியில் மண்டபங்கள் காலி, கேமராவும் காலி. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை அந்த மாதத்தில் டெல்டாவில் எடுக்க வேண்டியது ஏராளம். கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா இல்லையா என்பது ஒன்றே ஒரு மாதத்துக்கான வேலை. புரட்டாசியிலும் கல்யாணம் குறைவு. குறுவை அறுவடையாகி, நேரடி கொள்முதல் நிலைய வாசலில் நெல் குவிந்து மழையில் நனையும் காலம் அது. அடுத்த ஓய்வு மார்கழி. கல்யாணத் தொழிலை விடாமலேயே ஆண்டுக்கு மூன்று மாதம் செய்திப் படத்துக்குக் கிடைக்கிறது. அவர்களிடம் இதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

பாடத்தில் கேமரா கடைசி. அவர்களுக்கு ஒளி தெரியும், நேரம் தெரியும், கூட்டத்தில் முண்டியடித்து நிற்கவும் தெரியும். மாற வேண்டியது மூன்று பழக்கம்.

ஒன்று, ஆளை நிறுத்துவது. 'அண்ணே, இப்படித் திரும்புங்க, இன்னொரு தடவை மூட்டையைத் தூக்குங்க' என்று சொன்ன கணத்தில் அது செய்திப் படம் இல்லை. உருவப்படம் என்றால் ஆளை உட்கார வைக்கலாம், பார்ப்பவருக்கும் அது உருவப்படம் என்று தெரியும். நடந்துகொண்டிருக்கும் காரியத்தில் கை வைக்கக் கூடாது. முதல் வாரம் முழுக்க ஒரே பயிற்சி போதும்: மீன் இறங்குதளத்தில் ஒரு மணி நேரம், இருபது க்ளிக் மட்டும், யாரிடமும் எதுவும் செய்யச் சொல்லக் கூடாது. இருபதிலிருந்து ஐந்தை அவர்களே தேர்ந்தெடுத்து வர வேண்டும்: இடம் தெரியும் ஒன்று, வேலை தெரியும் ஒன்று, முகம் ஒன்று, கை அல்லது பொருள் ஒன்று, இருவருக்கிடையே ஏதோ நடக்கும் ஒன்று. பெரும்பாலும் நான்கு முகத்தோடு வருவார்கள். இடம் தெரியும் படம் இருக்காது. அதை மேசையில் பரப்பிக் காட்டினாலே புரிந்துகொள்வார்கள்.

இரண்டு, லென்சை முழுக்கத் திறந்து எஃப் 1.4-ல் எடுப்பது. கல்யாணத்தில் பின்னணி கரைவது அழகு. செய்தியில் பின்னணியில்தான் கொடி, பெயர்ப்பலகை, உடைந்த மதகு எல்லாம் இருக்கும். எஃப் 5.6-லிருந்து 8 வரை வைத்து, 24 அல்லது 35 மிமீ-ல் இரண்டடி கிட்டே போகச் சொல்லுங்கள்.

மூன்று, தோலை வழவழப்பாக்குவது, வானத்தை மாற்றுவது, இடையூறான வயரை அழிப்பது. க்ராப், ஒளி, நிறச் சமநிலை அளவான திருத்தம் சரி. படத்தில் இல்லாததைச் சேர்ப்பதும் இருந்ததை எடுப்பதும் கூடாது. ஆல்பத்துக்கு வைத்திருக்கும் ப்ரீசெட் (சேமித்து வைத்த திருத்த அமைப்பு) தானாக ஏறிவிடும், செய்திக்கு மென்பொருளில் தனி கேட்டலாக் திறக்கட்டும். கேமரா பதிந்த மூல 'ரா' கோப்பை அழிக்க வேண்டாம். சந்தேகம் எழுந்தால் ஆசிரியர் அதைத்தான் கேட்பார்.

அடுத்து படக்குறிப்பு. மாவட்டங்களிலிருந்து வரும் நல்ல படங்கள் நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் இதனால்தான். யார், என்ன செய்கிறார், எந்த ஊர், எந்த வட்டம், எந்தத் தேதி: இது முதல் வாக்கியம். ஏன் நடக்கிறது என்பது இரண்டாவது. அதை யார் சொன்னார் என்பது மூன்றாவது. 'சோகத்தில் விவசாயி' என்பது படக்குறிப்பே இல்லை. 'கீழ்வேளூர் வட்டத்தில் கொள்முதல் நிலைய வாசலில் நனைந்த நெல்லைச் சாலையில் பரப்பும் விவசாயி (பெயர், வயது, ஊர்). ஈரப்பதம் கூடுதல் என்று மூட்டைகள் எடை போடப்படவில்லை என்கிறார். (நிலைய ஊழியரின் பதில்).' இந்த அளவுக்கு வேண்டும். பெயரை அவரையே எழுதித் தரச் சொல்லி, அந்தத் தாளையும் ஒரு க்ளிக் எடுத்துவிட்டால் எழுத்துப் பிழைக்கு இடமில்லை.

2004 சுனாமியில் கடலூரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் ஆர்கோ தத்தா எடுத்த, உறவினரை இழந்து அழும் பெண்ணின் படம் அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் பட விருதைப் பெற்றது. படக்குறிப்பு அந்தப் பெண்ணை இந்தியப் பெண் ஒருவர் என்றுதான் சொல்கிறது. வெளியிலிருந்து பேரிடருக்கு நடுவே ஓடி வருபவரால் எல்லாப் பெயரையும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. உள்ளூர்க்காரருக்குப் பெயர், தெரு, உறவு எல்லாம் தெரியும். அவருடைய பலமே அதுதான்.

கொள்ளிடக்கரை

மேலே சொன்னதோடு அனுப்பும் முறையைச் சேர்த்துக்கொள்ளுங்கள் தோழர். பாதிப் படங்கள் வழியிலேயே கெடுகின்றன.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கும், உள்ளே எழுதிய தகவலும் போய்விடும். 'டாக்குமெண்ட்' என்று அனுப்பினால் அப்படியே போகும். நீளப் பக்கம் 3000 பிக்சல், ஜேபெக் தரம் 80, நிறவெளி எஸ்ஆர்ஜிபி. கோப்பு இரண்டு எம்பி அளவில் நிற்கும், கிராமத்து சிக்னலிலும் போகும். அடோபி ஆர்ஜிபியில் விட்டால் நிறம் செத்துத் தெரியும். கேமராவிலிருந்து வைஃபையில் போனுக்கு இறக்கும் சில செயலிகள் தாமாகவே 2 மெகாபிக்சலாகக் குறைத்துவிடும், அமைப்பில் பார்த்து மாற்ற வேண்டும். போனிலேயே நேராகச் செருகும் ஓடிஜி கார்டு ரீடர் ஒன்று பையில் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

படக்குறிப்பு ஐபிடிசி தகவலாக (கோப்பின் உள்ளேயே எழுதப்படும் குறிப்பாக) படத்துக்குள்ளேயே இருக்கட்டும். அதை எழுத உதவும் டிஜிகாம், எக்சிஃப்டூல் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். நம் ஊரில் மட்டும் வரும் ஒரு கோளாறு இருக்கிறது: ஆல்பம் வடிவமைப்பவர்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகியிருப்பார்கள். அதை அப்படியே ஒட்டினால் மறுமுனையில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடு விசைப்பலகையை முதல் நாளே போட்டுக்கொடுங்கள். இரண்டு கேமரா வைத்திருப்பவர்கள் இரண்டிலும் கடிகாரத்தை ஒன்றாக வைக்கட்டும். இல்லையென்றால் எது முன், எது பின் என்று பிறகு சொல்ல முடியாது.

களத்துக்கு: நடவுக்கு ஷட்டர் வேகம் 1/500, எஃப் 8. தலைத்துண்டு நிழலில் முகம் கறுத்துவிடும், எக்ஸ்போஷரை +0.7 ஏற்றி, வரப்பில் உட்கார்ந்து தாழ்வாக எடுக்க வேண்டும். எல்இடி வெளிச்சத்தில் வரிவரியாக விழுந்தால் 1/100 அல்லது 1/50-க்கு இறக்குங்கள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மறியல், தள்ளுமுள்ளு என்றால் போலீசுக்கும் கூட்டத்துக்கும் நடுவே நிற்கவே கூடாது. பக்கவாட்டில், முதுகுக்குச் சுவர், வெளியேற ஒரு சந்து. ஹெல்மெட் பைக்கில் தொங்க வேண்டாம், தலையில் இருக்கட்டும். வெள்ளத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் இறங்க வேண்டாம். திறந்த சாக்கடை தெரியாது. புயலுக்கு மறுநாள் தாழ்ந்து கிடக்கும் மின்கம்பியை, இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று வாரியத்து ஆள் சொல்லும்வரை உயிருள்ளதாகவே கொள்ள வேண்டும். ஏசி காரிலிருந்து மழைக்குள் எடுத்தால் லென்சில் ஆவி படியும். கேமராவைப் பாலித்தீன் பையில் கட்டி கால்மணி நேரம் வெளிக்காற்றுக்கு விட்டு எடுங்கள். புதிதாக எதுவும் வாங்கச் சொல்லாதீர்கள், இருக்கிற சாமான் போதும்.

உரிமைச்சாசனம்

சட்டம் பற்றிக் கேட்டதால்.

காப்புரிமைச் சட்டம், 1957-ன் 17-வது பிரிவை அவர்கள் நிச்சயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். கல்யாணப் படங்கள் இப்படித்தான் வீட்டாருக்குச் சொந்தம். தானாகப் போய் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுக்கும் படம் எடுத்தவருக்கே சொந்தம். பத்திரிகை தருவது ஒருமுறை வெளியிடுவதற்கான காசா, உரிமை முழுவதற்குமா என்று எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சல் போதும். உரிமையை மாற்றிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் 19-வது பிரிவு கொள்கிறது.

குழந்தைகள் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே முடியாது. போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும்) சட்டம் 23-வது பிரிவும் சிறார் நீதிச் சட்டம் 74-வது பிரிவும் அடையாளம் வெளிப்படுவதைத் தடுக்கின்றன. முகத்தை மறைத்தால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். பள்ளிச் சீருடை, வீட்டு வாசல், தெருப் பெயர், பெற்றோரின் முகம் எல்லாமே அடையாளம். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணுக்கும் இதே காப்பு, பாரதிய நியாய சன்ஹிதா 72-வது பிரிவில் இருக்கிறது. மங்கலாக்கிய படத்தை அனுப்புங்கள், மூலத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பத்திரிகை கவனமாக இருந்தும் அடையாளம் கசிவது இப்படிப்பட்ட குழுக்களில்தான்.

தேர்தலன்று வாக்குச்சாவடிக்குள் போகத் தேர்தல் ஆணையத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். இருந்தாலும் வாக்களிக்கும் மறைப்புப் பக்கம் கேமரா திரும்பக் கூடாது. ட்ரோன் என்றால் 2021 விதிகளின்படி அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்து வரைபடத்தில் அந்த இடம் சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று பார்த்த பிறகே பறக்க வேண்டும். மண்டபத்தில் பறக்க விட்ட பழக்கத்தில் வெள்ளத்தின்மேலும் விட்டால் மீட்பு ஹெலிகாப்டருக்கே ஆபத்து.

போலீஸ் கேமராவைக் கைப்பற்றினால் மல்லுக்கட்டாமல், எழுத்தில் ரசீது கேளுங்கள். இரண்டு கார்டு போடும் கேமராவில் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி வையுங்கள். யாராவது படங்களை அழித்துவிட்டால் அந்தக் கார்டில் அதன்பின் ஒரு படம்கூட எடுக்காதீர்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளில் பெரும்பாலும் மீட்டுவிடலாம். மேலே புதிதாக எழுதப்பட்டால்தான் பழையது உண்மையில் போகும். இன்னொன்று, யார் அனுப்பினார் என்ற கடிதம் இல்லாமல் வண்டியில் 'பிரஸ்' ஒட்டுவது வேண்டாம்.

வெண்ணாறு

மூவருக்கும் நன்றி. ஆடிக்கு மாற்றிவிடுகிறேன், சான்றிதழும் வேண்டாம். இன்னும் இரண்டு கேள்வி. படத்தை அனுப்ப இடம் இல்லாமல் ஆர்வம் எத்தனை நாள் தாங்கும்? சாதித் தகராறு, மணல், கந்துவட்டி மாதிரி விஷயங்களைப் படமெடுத்துவிட்டு அடுத்த மாதம் அதே ஊரில் கல்யாண ஆர்டர் எடுக்க முடியுமா?

படமேசை

முதல் கேள்விக்கு டாக்கா நல்ல முன்மாதிரி. வங்கதேசப் புகைப்படக்காரர் ஷாஹிதுல் ஆலம் அங்கே 1989-ல் த்ரிக் என்ற பட நிறுவனத்தைத் தொடங்கினார். பாட்சாலா என்ற பள்ளி 1998-ல்தான் வந்தது. படம் போய்ச் சேரும் இடம் முதலில், வகுப்பு பிறகு. நீங்களும் அதே வரிசையில் செய்யுங்கள். பயிற்சிக்கு முன்பே நான்கைந்து நாளிதழ்களின் மாவட்டப் பொறுப்பாளர்களையும் இணைய இதழ்களையும் பார்த்து, என்ன அளவு, எத்தனை மணிக்குள், யாருக்கு, எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். மாவட்டப் பக்கம் மற்றவற்றுக்கு முன்பே முடிந்துவிடும். இரவு எட்டு மணிக்கு வரும் படத்துக்குப் பெரும்பாலும் அடுத்த நாள்தான் இடம். சங்கத்தில் ஒருவர் மட்டும் தினமும் வரும் படங்களைப் பார்த்து, குறிப்பைச் சரிபார்த்து, மூன்றை மட்டும் அனுப்பட்டும். முப்பதை அனுப்பினால் எந்த ஆசிரியரும் திறந்து பார்க்க மாட்டார். அந்த ஒருவருக்குச் சங்கம் மாதாமாதம் ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும், தன்னார்வம் இரண்டு மாதத்தில் தேய்ந்துவிடும். தினச் செய்திக்கு அப்பால் நீண்ட வேலை செய்பவர்களுக்கு 2014-ல் பத்திரிகையாளர் சாய்நாத் தொடங்கிய பாரி (கிராமப்புற இந்தியாவைப் பற்றிய இணைய இதழ்) இருக்கிறது. அதில் புகைப்படக்காரர் பழனி குமார் தமிழ்நாட்டு உழைப்பாளிகளைப் பற்றிச் செய்திருக்கும் படங்களைப் பயிற்சியில் காட்டுங்கள்.

காசைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஒரு செய்திப் படத்தின் வருமானம் ஒரு கல்யாண நாளுக்குப் பக்கத்தில் வராது. பெட்ரோலுக்கும் குறைவாகக் கொடுக்கும் இடத்துக்குத் தொடர்ந்து அனுப்பச் சொல்லாதீர்கள்.

கொள்ளிடக்கரை

இரண்டாவது கேள்விக்கு: முடியாத ஊர்களும் உண்டு. அதை மறைத்து யாரையும் இறக்கிவிடக் கூடாது. ஆபத்தான விஷயங்களில் பெயர் போடாமல் வெளியிடச் சொல்லலாம், ஆனால் படம் அனுப்பும்போதே சொல்ல வேண்டும், அச்சான பிறகு பயனில்லை. கோப்பின் உள்தகவலில் பெயர், கேமரா வரிசை எண், ஜிபிஎஸ் எல்லாம் இருக்கும். அவற்றை நீக்கிய பிரதியைத்தான் வெளியே விட வேண்டும். வேறு வட்டத்து ஆளோடு இடம் மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது: வேதாரண்யத்துப் பிரச்சினையைச் சீர்காழிக்காரர் எடுக்கட்டும், சீர்காழியில் நடப்பதை வேதாரண்யத்துக்காரர். தனியாகப் போக வேண்டாம், நிருபரோடு போகட்டும். கிளம்பும் நேரம், திரும்பும் நேரம் சங்கத்தில் ஒருவருக்குத் தெரிய வேண்டும்.

தொடக்க ஆண்டில் அதெல்லாம் தேவையும் இல்லை. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்ட வாசல், ஆண்டுக்கு ஆறு கிராம சபை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் நடப்பது, வேதாரண்யம் உப்பளம். இந்த நான்கையே ஒழுங்காக எடுத்தால் ஓர் ஆண்டு ஓடிவிடும்.

பெண் போட்டோகிராபர்களை முதல் அணியிலேயே சேருங்கள். வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு எடுப்பவர்கள் இப்போது எல்லா வட்டத்திலும் இருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துப் பிரசவ வார்டு, நடவு ஆட்கள் தங்கும் இடம், கருவாடு காயவைக்கும் கொட்டகை இங்கெல்லாம் அவர்களால் நெருங்கிப் போக முடியும். மாலைக் கூட்டத்தை ஆறரைக்கு முடித்தால் கடைசி பேருந்துக்குப் போய்விடுவார்கள். எட்டரை வரை இழுத்தால் அடுத்த வாரம் அவர்கள் வருவது கடினம்.