வாயே ரெபோவில் ஒரு ராத்திரி

சங்கத்து உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

ஊரில் நம் கீழத்தெருப் பெரிய வீட்டை இடிப்பதா, பூட்டியே வைப்பதா என்று குழுவில் ஒரு மாதமாக நடக்கும் சண்டையில் நான் வாய் திறக்கவில்லை. துபாய்ச் சித்தப்பா எழுதினால் அது சரியாகப் படுகிறது, மறுநாள் டொரண்டோ அக்கா எழுதினால் அதுவும் சரியாகப் படுகிறது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே இந்த வியாதி உண்டு. போன மாதம் லீவு போட்டுவிட்டுப் பார்த்து வந்த ஒரு கிராமத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதுவும் வீட்டுக் கதைதான்.

இந்தோனேசியாவில் நான் வேலை பார்க்கும் சுரபாயாவிலிருந்து ஃபுளோரஸ் தீவின் லபுவான் பாஜோவுக்கு விமானம் உண்டு. கொமோடோ உடும்பைப் பார்க்கப் போகிறவர்கள் இறங்குகிற ஊர் அது. அவர்கள் படகுத்துறைக்குப் போனார்கள். நான் கார் பிடித்து மங்கராய் மலைப்பக்கம் திரும்பினேன். அரை நாள் வளைந்து வளைந்து போய், கடலோரத்து டிந்தோரில் எதிரே நிற்கும் முலேஸ் தீவைப் பார்த்துவிட்டு மேலே ஏறினால் டெங்கே. முன்பு வண்டிப் பாதை அங்கேயே முடிந்துவிடுமாம். இப்போது இன்னும் கொஞ்சதூரம் பைக்கில் கொண்டுபோய் விடுகிறார்கள். அப்புறம் நடைதான். இரண்டு மணி நேரம் என்றார்கள், எனக்கு மூன்றரை ஆனது. எதிரே ஒரு பாட்டி தலையில் சுமையோடு, வெறுங்காலில், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

ஊருக்குச் சற்று மேலே ஒரு குடில். அங்கே தொங்கும் மூங்கிலைத் தட்ட வேண்டும். ஆள் வருகிறது என்று கீழே ஊருக்குத் தகவல். தட்டிவிட்டு எட்டிப் பார்த்தால், மலைகளுக்கு நடுவே ஒரு புல்வெளி, அதில் ஏழு வைக்கோல் போரை அரைவட்டமாக வைத்தது போல ஏழு வீடுகள். அவ்வளவுதான் வாயே ரெபோ. 'வாயே' என்றால் அவர்கள் மொழியில் தண்ணீர். கடல்மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேலே; மதியமே குளிர ஆரம்பித்துவிட்டது.

நேராக முரசு வைத்திருக்கும் பெரிய வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒரு பெரியவர் உட்கார்ந்து, இன்னார் வந்திருக்கிறார்கள் என்று முன்னோர்களுக்குச் சொல்கிறார். எல்லாரும் கத்தோலிக்கர்கள், ஆனாலும் முன்னோர்களைக் கேட்காமல் எதுவும் நடப்பதில்லை. அது முடியும்வரை போட்டோ எடுக்கக் கூடாது. முடிந்ததும் நம்மை வீட்டுக்குத் திரும்பி வந்த பிள்ளையாகவே கணக்கு வைக்கிறார்கள். சுற்றுலாக்காரர்களுக்கான பேச்சுதான் என்று முதலில் நினைத்தேன். காப்பி வந்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெயர் 'ம்பாரு நியாங்'. சுவர் கிடையாது, கூரையே தரைவரை இறங்கிவிடும். ஆணி ஒன்றுகூடக் கிடையாது. மரமும் மூங்கிலும் பிரம்பால் கட்டியவை. உள்ளே ஐந்து அடுக்கு. கீழே லுத்தூர், மனிதர்கள் புழங்குகிற இடம். அதற்கு மேல் பரணுக்கு மேல் பரணாக நான்கு: லோபோவில் சாமான்களும் சாப்பாட்டுப் பண்டமும், லெந்தாரில் விதை, லெம்பா ராயேயில் பஞ்ச காலத்துக்கு என்று ஒதுக்கிய தானியம், உச்சியில் ஹெக்காங் கோடே, அது முன்னோர்களுக்குப் படையல் வைக்கிற இடம். பசித்தாலும் கைவைக்காத பரண் ஒன்று, விதைக்கென்று ஒன்று. நம் வீட்டுக் குதிரில் அம்மாச்சி விதைநெல்லை எடுக்கவிடாமல் அதட்டியது நினைவுக்கு வந்தது.

அடுப்பு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. புகை மேலே ஏறிக் கூரையைப் பூச்சி அரிக்காமல் காப்பாற்றுகிறது. ஆள் இல்லாமல் அடுப்பு அணைந்தால் வீடும் போய்விடும் என்று அர்த்தம். பெரிய வீட்டில் எட்டுக் குடும்பம், மற்ற வீடுகளில் ஆறாறு. எல்லாம் பங்காளிகள். குடும்பத்துக்கு ஒரு சிறிய அறை, நடுவே பொதுக்கூடம். பாகப்பிரிவினை வந்தால் என்ன செய்வீர்கள் என்று வழிகாட்டிப் பையனிடம் கேட்டேன். கேள்வியே அவனுக்குப் புரியவில்லை. என் இந்தோனேசிய மொழியின் லட்சணமாகவும் இருக்கலாம்.

இவர்களும் வந்தேறிகள்தான். மாரோ என்கிற மூதாதை சுமத்ராவின் மினாங்கபாவிலிருந்து கடல் கடந்து வந்து, ஊர் ஊராக மாறி, கடைசியில் இங்கே நிலைத்தார் என்பது அவர்கள் கதை. வழியில் ஆபத்து வந்தபோது காப்பாற்றியது ஒரு மரநாய். அதனால் இன்றும் மரநாய்க் கறியைத் தொடமாட்டார்கள். அது நடந்து பதினெட்டுத் தலைமுறைக்கு மேல் ஆகிறதாம்.

இப்போது நம் பிரச்சினைக்கு வருகிறேன், அது அங்கேயும் உண்டு. தொடக்கப் பள்ளி மலைமேல் இல்லை, கீழே கொம்போவில் இருக்கிறது. பள்ளி வயது வந்ததும் பிள்ளைகள் இறங்கிவிடுகிறார்கள். பின்னாலேயே பல குடும்பங்களும் கொம்போவில் வீடு கட்டிக்கொண்டன. காப்பித் தோட்டத்துக்காகவும் சடங்குக்காகவும் மேலே வந்து போவார்கள். இதில் ஆச்சரியம் என்ன, நம் கதைதானே. ஆள் குறைந்தது, ஏழு வீட்டில் மூன்று விழுந்துபோனது. 2008-இல் ஜகார்த்தாவிலிருந்து யோரி அந்தார் என்கிற கட்டடக்கலைஞர் நண்பர்களோடு ஏறி வந்தபோது நின்றது நான்கு, அதிலும் இரண்டு தள்ளாட்டத்தில். அவர் பணத்துக்கு ஏற்பாடு செய்தார். ஆனால் வரைபடம் போட்டுக் கொடுத்து கான்ட்ராக்டரைக் கூப்பிடவில்லை. ஊர்ப் பெரியவர்கள் சொல்லச் சொல்ல ஊர்க்காரர்களே கட்டினார்கள். கூட வந்த கல்லூரிப் பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள். அப்படித்தான் கட்டுகிற வித்தை அடுத்த தலைமுறையின் கைக்கு வந்தது. 2011-இல் ஏழும் நின்றன. 2012-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது.

விருதுக்குப் பிறகு கூட்டம் வந்தது. விருந்தாளிகளுக்கென்றே வீடு ஒதுக்கித் தாழம்பாய் விரித்து வைத்திருக்கிறார்கள். பெண்கள் சோங்கே துணி நெய்கிறார்கள், முற்றத்தில் காப்பி காய்கிறது. ராத்திரி கொஞ்ச நேரம் விளக்கு எரிந்தது, அப்புறம் இருட்டு. பக்கத்துப் பாயில் ஒரு ஜெர்மன்காரர் விட்ட குறட்டையைப் பற்றி யுனெஸ்கோ ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் ஒரு பெரியவர் ஒரு வாசகம் சொன்னார்: "நேக்கா ஹெமோங் கூனி அகு காலோ." பிறந்த மண்ணை மறக்காதே என்று பொருளாம். நம் சங்க ரசீதின் தலைப்பில் இருப்பதும் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் நாம் வசூலித்ததெல்லாம் வளைவுக்கும் மேடைக்கும் போனது. ஊருக்குப் போனால் நான் தங்குவது பஸ் ஸ்டாண்டு லாட்ஜில். நவம்பரில் பெந்தி என்று புத்தாண்டுச் சடங்கு வந்தால் கொம்போக்காரர்கள் மேலே ஏறி, அவரவர் வீட்டில் பாய் விரித்துக்கொள்கிறார்கள். அதனால் சித்தப்பா கோபித்துக்கொண்டாலும் சரி, இடிக்க வேண்டாம் என்பது என் ஓட்டு. பின்கட்டு விழுந்தால் விழட்டும். முன்கூடத்துக்கு ஓடு மாற்றி, பாயும் தலையணையும் வாங்கிப் போடுவோம். என் பங்கை அனுப்பிவிடுகிறேன். ஓடு மாற்றத் தெரிந்த ஆசாரி ஊரில் இன்னும் ஒருவர்தான் இருக்கிறார், அவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. அவரை யாராவது சீக்கிரம் பார்த்துப் பேசுங்கள்.

வாயே ரெபோ காப்பித்தூள் இரண்டு பொட்டலம் வாங்கி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன். சிக்கரி சேர்க்காதது, கசக்கும், இப்போதே சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு
மேலத்தெரு வாத்தியார் வீட்டுச் சின்னவன்
சுரபாயா