பெரிய சாடிக்கு மாற்றிய முந்திரிகை (திராட்சை) தடிகள் வாடுகின்றன: காப்பாற்ற வழி உண்டா?

கேள்வி – கோண்டாவில்

வணக்கம். வைகாசியில் கொடி கத்தரித்தபோது வெட்டிய முந்திரிகைத் தடிகளைச் சின்னப் பொலித்தீன் பைகளில் நட்டேன். இஸ்ரேல் புளூ இனம். எல்லாம் நன்றாகத் தளிர்த்து நாலைந்து இலை விட்டன. போன கிழமை பாதியைப் பெரிய சாடிகளுக்கு மாற்றினேன். செம்மண்ணும் மாட்டெருவும் சரிபாதி போட்டேன். அடுத்த நாளே இலைகள் தொங்கிவிட்டன. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறேன். மண் ஈரமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இலை நிமிரவில்லை. ஒன்றிரண்டில் அடி இலை மஞ்சளாகிறது. பைகளில் மிச்சம் இருப்பவை வடிவாக நிற்கின்றன.

இவை அம்மம்மா வீட்டுப் பந்தல் கொடியின் தடிகள். தாய்க்கொடி பட்டுக்கொண்டு வருகிறது. அதனால் ஒன்றைக்கூட விட மனமில்லை. வாடியவற்றுக்கு என்ன செய்யலாம்? மிச்சத்தை எப்படி மாற்றுவது?

பதில் – உரும்பிராய்

பையைக் கிழிக்கும்போது மண் உதிர்ந்ததா? சாடி எவ்வளவு பெரிது? எங்கே வைத்திருக்கிறீர்கள்? எரு எப்படிப்பட்டது? இது தெரிந்தால்தான் சொல்லலாம்.

கேள்வி கேட்டவர்

சிலவற்றில் மண் உதிர்ந்து வேர் வெளியே தெரிந்தது. சாடி என்றால் 20 லீற்றர் பெயின்ற் வாளி, அடியில் துளை போட்டது. முற்றத்தில் நல்ல வெயிலில் நிற்கின்றன. எரு பட்டியிலிருந்து அள்ளியது, இன்னும் மணம் போகவில்லை.

பதில் – இணுவில்

பிள்ளை, மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்குகிறது என்றால் குறை தண்ணீரில் இல்லை. தண்ணீரைக் குடிக்க வேரால் முடியவில்லை. நுனி வேரிலுள்ள மெல்லிய வேர்மயிர்கள்தான் தண்ணீரை இழுப்பவை. மண் உதிரும்போது முதலில் அறுவதும் அவைதான். இலையோ வெயிலிலும் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றிலும் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கிறது. வரவு நின்றுவிட்டது, செலவு நிற்கவில்லை.

முந்திரிகையில் இன்னொன்று உண்டு. தடியில் சேர்ந்திருக்கும் மாச்சத்தைக் கொண்டே மொட்டு வெடித்து இலை வந்துவிடும். அந்த நேரம் வேர் அரும்பிக்கூட இராது. ஆகவே நாலு இலையைக் கண்டு மாற்றக் கூடாது. பையின் பக்கத்திலும் அடித்துளையிலும் வேர் தெரிகிறதா என்று பாருங்கள். வெள்ளையாக நூல் போல மட்டும் இருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும், தொட்டாலே முறியும். அது கொஞ்சம் மங்கி, கிளைவிட்டு, மண்ணைச் சுற்றிப் பிடித்திருந்தால் மாற்றலாம்.

இப்போது வாடியவற்றுக்கு: முதலில் வாளிகளை வெயிலிலிருந்து எடுங்கள். வீட்டின் கிழக்குப் பக்கச் சுவரோரம் நல்லது, சோளகமும் படாது. நுனியில் இரண்டு இலையை விட்டு மற்றதைக் காம்போடு கத்தரியுங்கள். விட்டவை பெரிய இலைகள் என்றால் அவற்றையும் குறுக்கே பாதியாக வெட்டுங்கள். பார்க்க மனம் வலிக்கும், ஆனால் தடி பிழைக்க அதுதான் வழி. தண்ணீரை நிறுத்துங்கள். விரலை மண்ணுக்குள் விட்டு, இரண்டாவது கணு வரை காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

முழுக்கத் தொங்கியவற்றைச் சுற்றி நாலு ஈர்க்குக் குத்தி, தெளிந்த பொலித்தீன் பையை இலையில் முட்டாமல் கவிழ்த்து விடலாம். நிழலில் மட்டும். வெயிலில் வைத்தால் உள்ளே வெந்துவிடும். பின்னேரத்தில் கொஞ்ச நேரம் திறந்து விடுங்கள்.

உயிர் இருக்கிறதா என்று அறிய நகத்தால் பட்டையை மெல்லச் சுரண்டுங்கள். பச்சையாக இருந்தால் இலை முழுக்கக் கொட்டினாலும் எறிய வேண்டாம், கணுவிலிருந்து மறுபடி வரும்.

மஞ்சளானவைதான் எனக்குக் கவலை. பட்டி எரு பச்சையாக இருந்தால் உள்ளே சூடேறும், உப்பும் அதிகம், இளவேர் கருகிவிடும். அவற்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். வேர் கறுத்து வழுவழுத்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, கழுவிய மணலில் சின்னப் பையில் வையுங்கள். நல்ல வேர் இருந்தால் மறுபடி குலைக்காதீர்கள். ஒருமுறை நிறையத் தண்ணீர் விட்டு அடித்துளையால் வடியவிட்டால் உப்புக் கழுவுப்படும்.

பதில் – வேலணை

தண்ணீரையும் பாருங்கள். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பல சவர், உப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் இலையின் ஓரம் முதலில் தீய்ந்து மண்ணிறமாகும். வேர் அறுந்து வாடுகிற இலையோ முழுதாகத் துவளும். உங்களுக்கு இரண்டாவதுதான் போலிருக்கிறது. ஆனாலும் சாடி மாற்றிய புதிதில் மழைத்தண்ணீர் சேர்த்து வைத்து ஊற்றுவது நல்லது.

பதில் – சாவகச்சேரி

மிச்சத்தை இப்போது தொடவே வேண்டாம் என்பது என் எண்ணம். சோளகம் முடிந்து ஐப்பசி மழை தொடங்கட்டும்.

பதில் – இணுவில்

நிலத்தில் நடுவதென்றால் நானும் பொறுக்கத்தான் சொல்வேன். சாடிக்கு அப்படி இல்லை. சின்னப் பையில் அவ்வளவு காலம் நின்றால் வேர் அடியில் சுருண்டு வளைந்துவிடும், அந்த வளைவு பிறகு நிமிராது. அத்தோடு மழைக்காலத்து ஈரத்தில் முந்திரிகைக்குப் பூஞ்சண நோய் சுலபமாக வரும். நிழல் போட வசதி இருந்தால் இப்போதே மாற்றலாம், ஆனால் மாற்றுகிற விதத்தில் கவனம்.

வாளிக்கு நேரே போகாதீர்கள். பையிலிருந்து 6 அல்லது 8 அங்குலச் சாடி போதும். வேர் இல்லாத மண் நிறைய இருந்தால் தண்ணீரை எடுக்க ஆளில்லை, ஈரம் தேங்கிக் காற்றோட்டம் இல்லாமல் வேர் அழுகும். செம்மண், மணல், மட்கிய எரு மூன்றும் சமமாகப் போடுங்கள். எரு கையில் பொலபொலவென்று உதிர வேண்டும், மணக்கக் கூடாது.

முதல்நாள் பின்னேரம் பைக்குத் தண்ணீர் விடுங்கள். காய்ந்த மண்ணும் உதிரும், சேறான மண்ணும் உதிரும். இடைப்பட்ட ஈரம் வேண்டும். மறுநாள் வெயில் தாழ்ந்த பிறகு தொடங்குங்கள். தடியைப் பிடித்து இழுக்க வேண்டாம். பிளேட்டால் பையின் அடியை மட்டும் சுற்றி அறுத்து எடுங்கள். உள்ளங்கையால் அடியைத் தாங்கி அப்படியே சாடிக்குள் இறக்குங்கள். பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு கீறல் போட்டு, சுற்றிவர மண்ணைப் பாதிவரை நிரப்பிய பிறகு பொலித்தீனை மெல்ல மேலே உருவுங்கள். மண் குலைய இடமே இல்லை. பையில் இருந்த ஆழத்திலேயே நிற்கட்டும். கையால் அமத்தி இறுக்காதீர்கள், தண்ணீர் விட்டாலே மண் தானாக இறங்கி இடைவெளியை மூடும்.

அப்புறம் தென்மேற்குப் பக்கத்தில் ஒரு கிடுகைச் சாய்த்து வையுங்கள். ஒன்றிரண்டு கிழமை முழு நிழல், பிறகு காலை வெயில் மட்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. சொன்னபடி இலைகளைக் கத்தரித்து நிழலுக்கு மாற்றினேன். சிலவற்றில் விட்ட இலை நிமிர்ந்திருக்கிறது. மஞ்சளானவற்றில் ஒன்றின் வேர் முழுக்கக் கறுத்துப் போயிருந்தது, தடி மட்டும் பச்சை. மணலில் வைத்திருக்கிறேன். நிமிர்ந்தவற்றுக்குக் கொஞ்சம் யூரியா கரைத்து ஊற்றலாமா?

பதில் – இணுவில்

வேண்டாம் பிள்ளை. வேர் காயத்தோடு இருக்கும்போது உரம் இன்னும் சுடும். நிமிர்ந்த இலை பழைய இலை, அதை வைத்து முடிவு செய்ய முடியாது. புதிதாக இரண்டு இலை விரிந்து, பற்றுக்கம்பியும் நீளத் தொடங்கட்டும். அதன் பிறகும் யூரியாவுக்கு முன் மட்கிய கூட்டெரு ஒரு பிடியைச் சாடி ஓரமாகத் தூவுங்கள், தடியில் முட்டக் கூடாது. மணலில் வைத்ததை நோண்டிப் பார்க்காதீர்கள். மணல் காயாமல் மட்டும் பாருங்கள்.

தாய்க்கொடியில் பச்சையான, பென்சில் பருமனுள்ள கிளை இன்னும் இருந்தால் இப்போதே மூன்று நான்கு கணு வைத்து வெட்டி நடுங்கள். அது பட்டுப்போகும் வரை காத்திருக்க வேண்டாம்.