மின்வாரியத்துக்கு நேரடியாக சப்ளை செய்ய எங்கிருந்து ஆரம்பிப்பது?

குறிச்சி ஷெட்
வணக்கம். கோவை குறிச்சி சிட்கோவில் சின்ன ஃபேப்ரிகேஷன் யூனிட் வைத்திருக்கிறேன். மின்கம்பத்துக்கு வேண்டிய கிராஸ் ஆர்ம் (கம்பி தாங்கும் குறுக்குச் சட்டம்), கிளாம்ப், ஸ்டே செட் (கம்பத்தை இழுத்துக் கட்டும் சாமான்) எல்லாம் செய்கிறோம், ஆனால் வாரிய ஆர்டர் எடுத்த ஒரு பெரிய பார்ட்டிக்கு ஜாப் வொர்க்காக. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி மட்டும் வருகிறது. அதே சரக்கு வாரியத்தின் ஸ்டோருக்குப் போகும்போது என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. நேரடியாக டெண்டர் போட்டால் என்ன? உத்யம் பதிவு (குறு, சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு), ஜிஎஸ்டி எல்லாம் இருக்கிறது. ஆள் பிடிக்கணும், உள்ளே தெரிந்தவர் வேணும் என்று சொல்பவர்கள் தயவுசெய்து விலகிக்கொள்ளுங்கள், நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டெண்டர் தாத்தா
தம்பி, முதலில் யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நாம் இன்னும் வாரியம் என்றுதான் சொல்கிறோம், ஆனால் 2010-லேயே டான்ஜெட்கோ, டான்டிரான்ஸ்கோ என்று பிரித்தார்கள், 2024-ல் டான்ஜெட்கோவையும் மின் பகிர்மானம், மின் உற்பத்தி, பசுமை எரிசக்தி என்று மூன்று கழகமாக்கிவிட்டார்கள். உங்கள் சரக்கு பகிர்மானக் கழகத்துக்கு. மாநிலம் முழுமைக்குமான பெரிய கொள்முதல் அண்ணா சாலை தலைமையகத்தில் மெட்டீரியல் மேனேஜ்மென்ட் பிரிவில் நடக்கும். சில்லறைத் தேவைகளுக்கு அந்தந்த மின் பகிர்மான வட்டத்து எஸ்.இ. (மேற்பார்வைப் பொறியாளர்) அலுவலகத்திலேயே டெண்டர் விடுவார்கள். புதிதாக வருகிறவர் வட்டத்தில்தான் கால் வைக்க வேண்டும், நேராகத் தலைமையகத்துக்குப் போனால் தகுதி நிபந்தனையிலேயே வெளியே வந்துவிடுவீர்கள். இத்தனை வருட சப்ளை அனுபவம், இவ்வளவு டர்ன்ஓவர் என்று கேட்பார்கள், ஜாப் வொர்க் பில்லைக் காட்டி அதைத் தாண்டுவது கஷ்டம்.

எல்லாம் தமிழ்நாடு அரசின் இ-டெண்டர் தளத்தில்தான். கிளாஸ் 3 டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வாங்குங்கள், உரிமையாளர் பெயரிலேயே. டெக்னிக்கல் கவர் தனி, விலை கவர் தனி. விலைக்கு எக்செல் ஃபைல் ஒன்று தருவார்கள், அதன் பெயரைக்கூட மாற்றாமல் நிரப்பி ஏற்ற வேண்டும். கடைசி மணி நேரத்தில் ஏற்றலாம் என்று உட்காராதீர்கள், அங்கே சர்வர் கடிகாரம்தான் கடிகாரம்.

தமிழ்நாட்டுக் குறு, சிறு உற்பத்தி யூனிட்டுக்கு, தான் தயாரிக்கும் பொருளுக்கு, டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகையில் விலக்கு உண்டு. அதனால் உங்கள் பதிவில் அந்தத் தயாரிப்பு சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பொத்தாம்பொதுவாக மெட்டல் வேலை என்று இருந்தால் யாராவது ஆட்சேபிப்பார்கள். ஆர்டர் கிடைத்தபின் கட்டும் பாதுகாப்பு வைப்புத்தொகை வேறு கதை, அதற்குப் பணம் எடுத்து வையுங்கள்.

விலை போடும்போது ஸ்டோரில் இறக்கிக் கொடுக்கும் விலையா என்று படியுங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். கோவையில் செய்து ராமநாதபுரம் ஸ்டோருக்கு அரை லாரி அனுப்பினால் லாபம் முழுக்க டீசலில் போய்விடும்.

இன்ஸ்பெக்ஷன் பார்த்தவன்
தாத்தா பேப்பர் வேலையைச் சொல்லிவிட்டார். நான் பொருளைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் சின்ன யூனிட்டுகள் கவிழ்வது பெரும்பாலும் கால்வனைசிங்கில், அதாவது இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கி (டிப்பிங்) பூச்சு ஏற்றுவதில்தான். 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடிமன் உள்ள இரும்புக்கு ஐஎஸ் 4759 என்ற இந்தியத் தரநிலை கேட்பது சதுர மீட்டருக்கு 610 கிராம் துத்தநாகம், அதாவது ஏறக்குறைய 86 மைக்ரான். ஜாப் வொர்க்கில் இதைப் பெரிய பார்ட்டி பார்த்துக்கொள்வார், உங்களுக்கு அந்தத் தலைவலியே தெரிந்திருக்காது. இனி அது உங்கள் தலையில்.

இன்ஸ்பெக்ஷனுக்கு வரும் இன்ஜினியர் பூச்சின் தடிமனை கேஜ் வைத்துப் பார்ப்பார், அப்புறம் காப்பர் சல்ஃபேட் கரைசலில் ஒரு துண்டை ஒரு நிமிஷம் முக்கி எடுத்து, கழுவித் துடைத்து, மறுபடி முக்குவார். நாலு முக்கு. எங்காவது சிவப்பாகச் செம்பு ஒட்டிப் பிடித்தது என்றால் அந்த இடத்தில் பூச்சு தேய்ந்து இரும்பு தெரிகிறது என்று பொருள். பெரும்பாலும் வெல்டிங் ஓரத்திலும் துளையின் விளிம்பிலும்தான் பிடிக்கும். வெல்டிங் கசடைச் சரியாகத் தட்டாமல் டிப்பிங்குக்கு அனுப்பினால் இப்படித்தான். முழு லாட்டையும் திருப்பிவிட்டால் ஆசிட் கழுவல், மறு டிப்பிங், லாரி வாடகை எல்லாம் உங்கள் செலவு, நடுவில் டெலிவரி தேதி தாண்டினால் வாரக்கணக்கில் அபராதமும் பிடிப்பார்கள். ஐநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க மலிவான டிப்பிங்காரரிடம் போகாதீர்கள். ஸ்டீலுக்கு ஆலை தரும் மில் டெஸ்ட் சர்டிஃபிகேட்டும் கேட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள்.

லெட்ஜர் அக்கா
நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். சரக்கும் பேப்பரும் சரியாக இருந்து, பணம் வருவதற்குள் மூச்சு முட்டிப்போன யூனிட்டுகளின் கணக்கைத்தான் நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரும்புக்காரருக்கு ரொக்கம், டிப்பிங்குக்கு ரொக்கம், சனிக்கிழமை கூலி. பில் பணம் எப்போது வரும் என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.

சட்டம் உங்கள் பக்கம்தான். 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் என்ன ஒப்பந்தம் போட்டாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. கொடுக்கவில்லை என்றால் சின்ன யூனிட்டுகளின் பாக்கி வழக்கைப் பார்க்கும் வசதி மன்றத்தில் மனு போடலாம், கோவையிலேயே ஒன்று இருக்கிறது. தீர்ப்பை எதிர்த்து அவர்கள் கோர்ட்டுக்குப் போனால் 75 சதவீதம் கட்டிவிட்டுத்தான் போக முடியும். ஆனால் ஸ்டோரில் சரக்கு இறக்கிய நாளுக்கு முத்திரையுடன் ரசீது இல்லாமல் மன்றத்தில் நின்று என்ன பேசுவீர்கள்? உத்யம் பதிவும் ஆர்டருக்கு முந்தைய தேதியில் இருக்க வேண்டும், நடுவில் எடுத்தால் சிக்கல்.

அதோடு, வாடிக்கையாளர் மீதே கேஸ் போட்டு அடுத்த டெண்டருக்கு அதே வாசலில் நிற்க எத்தனை பேருக்கு மனசு வரும் என்பதையும் யோசியுங்கள். சப்ளை 2.5 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டியில் 2 சதவீதம் டிடிஎஸ்ஸும் (பில்லிலேயே பிடித்துக்கொள்ளும் வரி) பிடிப்பார்கள். அது ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் கேஷ் லெட்ஜருக்கு வந்துவிடும், ஆனால் அந்த மாதம் கையில் இருக்காது.

என் யோசனை, வாரியத்தை மட்டும் பார்க்காதீர்கள். என்எல்சி, பவர்கிரிட் மாதிரி மத்திய நிறுவனங்களுக்கு 2012 கொள்முதல் ஆணை பொருந்தும், வருடக் கொள்முதலில் 25 சதவீதம் குறு, சிறு யூனிட்டிடம் வாங்க வேண்டும், அந்த 25-க்குள்ளேயே 3 சதவீதம் பெண்கள் நடத்தும் யூனிட்டுக்கு, 4 சதவீதம் எஸ்சி, எஸ்டி யூனிட்டுக்கு. உங்கள் விலை எல்-1-ஐ (ஆகக் குறைந்த விலை) விட 15 சதவீதம் வரை கூட இருந்தாலும், எல்-1 விலைக்கு இறங்கிவரச் சம்மதித்தால் ஒரு பங்கு கிடைக்கும். தரம் சரியாக இருந்தால் முன் அனுபவ நிபந்தனையிலும் தளர்வு தர இடம் உண்டு. மத்திய அரசின் கொள்முதல் தளமான ஜெம்மில் இன்றைக்கே பதிந்து வையுங்கள், காசு கேட்டால் அது ஏஜென்ட். உத்யத்துக்கும் அப்படித்தான், அரசு எதுவும் வாங்குவதில்லை.

குறிச்சி ஷெட்
அக்கா, தாத்தா, எல்லோருக்கும் நன்றி. பார்ட்டியின் ஜாப் வொர்க்கை விடாமலே வட்ட டெண்டர் ஒன்று போட்டுப் பார்க்கலாமா? அவருக்குத் தெரிந்தால் வேலையை நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

டெண்டர் தாத்தா
தெரியாமல் இருக்காது தம்பி. டெண்டர் திறந்ததும் யார் என்ன விலை போட்டார்கள் என்று போட்டியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் போடும் அளவுக்கும் நீங்கள் போடப்போகும் அளவுக்கும் சம்பந்தம் இல்லை என்றால் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். முதலில் கிளாம்ப் மட்டும் போடுங்கள், கிராஸ் ஆர்ம் அவருடைய சோறு. இன்னொரு வழியும் இருக்கிறது, மின் விநியோகத்தை மேம்படுத்தும் மத்திய அரசின் ஆர்டிஎஸ்எஸ் திட்டத்தில் மொத்த வேலையையும் எடுத்த டர்ன்கீ கான்ட்ராக்டர்களுக்கு ஒப்புதல் பெற்ற சப்ளையர்கள் தேவைப்படுவார்கள். அங்கே பில் உங்கள் பெயரில் போகும், அடுத்த வாரிய டெண்டரில் அந்த பில்லை அனுபவச் சான்றாக ஏற்பார்களா என்று மட்டும் நிபந்தனையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஸ்பெக்ஷன் பார்த்தவன்
கிளாம்ப் என்றால் போல்ட்டு, நட்டின் மரையையும் பாருங்கள். டிப்பிங்குக்குப் பிறகு நட்டு ஏறாது, மரையில் கொஞ்சம் இடம் விட்டுச் சொல்லிச் செய்ய வேண்டும்.