போஸ்டர், பேனர், தட்டி: படம் உங்கள் தெருவுக்கு எப்படி வந்தது?

மதுரைக்காரன்

ஒரு படம் வருகிறது என்ற செய்தியை உங்கள் தெருவுக்குக் கொண்டு வந்தவர் யார்? போஸ்டர் ஒட்டியவர், பேனர் வரைந்தவர், நோட்டீஸ் வீசியவர், அச்சடித்தவர், இவர்களில் யாரையாவது பக்கத்தில் இருந்து பார்த்திருந்தால் இங்கே எழுதுங்கள். நடிகர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இவர்களைப் பற்றி நாம் எழுதினால்தான் உண்டு. நானே தொடங்குகிறேன்.

என் சித்தப்பா மதுரையில் தியேட்டர்களுக்குப் போஸ்டர் ஒட்டியவர். வெள்ளிக்கிழமை படம் மாறும் என்பதால் வியாழன் ராத்திரிதான் அவருக்குப் பெரிய வேலை. சாயங்காலமே பசை காய்ச்சிவிடுவார். மைதாவைக் கட்டி இல்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்துக் கைவிடாமல் கிண்ட வேண்டும். கஞ்சிப் பதம் வந்ததும் மயில்துத்தத்தைப் பொடித்துப் போடுவார். அது சேர்ந்தால் பூச்சி அரிக்காது, மாடும் வாய் வைக்காது. மாவு வாசனைக்கு மாடுகள் போஸ்டரைக் கிழித்துத் தின்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மயில்துத்தம் விஷம் என்பதால் அந்த வாளி வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரச் சித்தி விட்டதே இல்லை.

பள்ளி லீவு நாட்களில் டார்ச் பிடிக்க நானும் கூடப் போவேன். சிங்கிள் ஷீட் என்றால் ஒரே தாள், யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். ஆறு ஷீட் போஸ்டரில்தான் கைத்திறன் தெரியும். ஆறு தாளும் தனித்தனியாக மடித்து வரும். கதாநாயகனின் முகம் பெரும்பாலும் இரண்டு தாளில் பிரிந்திருக்கும். ஒரு விரல்கடை விலகினால்கூட முகம் கோணிவிடும். சித்தப்பா முதலில் கண் இருக்கும் தாளைத்தான் எடுப்பார். சுவரில் ஒரு கை பசை, அதன் மேல் தாள், தாளுக்கு மேலேயும் ஒரு கை பசை. கண்ணோடு கண் சேர்ந்த பிறகுதான் மற்ற நான்கும். எல்லாம் ஒட்டி முடித்ததும் கீழே தியேட்டர் பெயரும் காட்சி நேரமும் அச்சிட்ட துண்டுத் தாள். அந்தத் துண்டு இல்லாவிட்டால் போஸ்டர் வெறும் படம்தான் என்பார்.

ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் மேல் இன்னொரு படத்தை ஒட்டக் கூடாது என்பது அவர்களுக்குள் எழுதாத சட்டம். போட்டித் தியேட்டர் ஆட்கள்கூட அதை மதித்தார்கள். ரசிகர் மன்றங்கள் சொந்தமாகப் போஸ்டர் அடித்து இஷ்டத்துக்கு ஒட்டத் தொடங்கிய பிறகு அதைக் காப்பாற்ற முடியவில்லை.

டீக்கடை, சலூன் வாசலில் சாய்த்து வைக்கும் தட்டியும் அவர் பொறுப்புதான். மூங்கில் சட்டத்தில் பாயை அடித்து அதன் மேல் போஸ்டர் ஒட்டியிருக்கும். இடம் கொடுத்த கடைக்காரருக்குத் தியேட்டரில் இலவச பாஸ் உண்டு. அந்த பாஸுக்காகவே தட்டியை வெயில் மழை பார்த்து உள்ளே எடுத்து வைப்பார்கள். எங்கள் தெரு சலூன்காரர் பார்த்த படங்களை வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

புதுப்பேட்டைத் தூரிகை

அண்ணே, ஒட்டும் கையைப் பற்றி எழுதினீர்கள். வரைந்த கையைப் பற்றி நான் எழுதுகிறேன். 80களின் கடைசியில் சென்னையில் ஒரு பேனர் கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்தேன். ஆரம்பத்தில் துணியை இழுத்துச் சட்டத்தில் ஆணி அடிப்பதும் வெள்ளை பூசுவதும்தான் வேலை. இறக்கி வந்த பழைய பேனர் மேலேயே திரும்ப வெள்ளை அடித்து அடுத்த படத்தை வரைவோம். அதனால் ஒரே துணியில் ஏழெட்டுப் படம் அடுக்கடுக்காக இருக்கும்.

படக் கம்பெனியிலிருந்து ஸ்டில் வரும். அதன் மேல் சின்னக் கட்டங்கள், துணியில் பெரிய கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் பார்த்துப் பெரிதாக்குவார்கள். பின்னால் ராத்திரியில் புரொஜெக்டர் வைத்துத் துணியில் படத்தை விழவைத்துக் கோடு இழுக்கும் வழக்கமும் வந்தது. உடையை ஒருவர் போடுவார், எழுத்தை ஒருவர் எழுதுவார். முகத்தை மாஸ்டரைத் தவிர யாரும் தொட முடியாது. கன்னத்தில் ரோஸ், நிழல் விழும் பக்கம் நீலமும் பச்சையும் அள்ளி அப்புவார். கிட்டே நின்று பார்த்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். அண்ணா சாலையில் எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய்த் திரும்பினால் அந்த நடிகர் மூச்சு விடுவது போல நிற்பார். பஸ்ஸில் போகிறவருக்குக் கிடைப்பது சில நொடி, அந்த நொடிக்குள் கதாநாயகி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரிந்துவிட வேண்டும் என்பது மாஸ்டரின் கணக்கு. பண்டிகைப் படமென்றால் ஜிகினா வட்டுகளை எழுத்தின் மேல் தொங்கவிடுவோம். காற்றில் அவை ஆடும்போது படத்தின் பெயரே மினுங்கும்.

கட்அவுட் வேறு உலகம். ஒட்டுப்பலகையில் தலை, தோள், இடுப்பு, கால் என்று துண்டு துண்டாக வரைந்து லாரியில் ஏற்றிப் போய், சவுக்குக் கம்பு சாரத்தில் கீழிருந்து மேலாகப் பொருத்த வேண்டும். 1957இல் 'வணங்காமுடி' வெளியானபோது எங்கள் புதுப்பேட்டை சித்ரா தியேட்டரில் சிவாஜிக்கு 80 அடி கட்அவுட் வைத்ததிலிருந்துதான் இந்தப் போட்டி தொடங்கியது என்று தொழிலில் மூத்தவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கடைசியாகத் தலையை ஏற்றும்போது தெருவே நின்று பார்க்கும். சிலர் சூடம் கொளுத்துவார்கள்.

2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. நாங்கள் நாள் கணக்கில் வரைந்ததை இயந்திரம் சில மணி நேரத்தில் துப்பியது. மாஸ்டர் கோயில் சுதைகளுக்கு வர்ணம் பூசப் போனார். நான் கடைப் பலகை எழுதுகிறேன். 2008இல் சென்னையின் அனுமதியில்லாத விளம்பரப் பலகைகளை அகற்றும் உத்தரவை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஒரு அரசியல்வாதி வீட்டுக் கல்யாண பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் லாரியில் சிக்கி இறந்தார். அதன் பிறகு விஜய், சூர்யா போன்றவர்கள் எங்களுக்குப் பேனரே வைக்காதீர்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்கள். அது சரிதான். சாலையில் போகிறவர் தலைமேல் நிற்கும் எதற்கும் நான் பரிந்து பேசமாட்டேன். ஆனால் அந்த முகங்களை வரைந்த மாஸ்டர்களின் ஓவியங்களில் பெரும்பாலானவற்றை நாம் பத்திரப்படுத்தவில்லையே என்று மனசு ஆறவில்லை. யாரிடமாவது பழைய பேனர்களின் புகைப்படம் இருந்தால் தயவுசெய்து இங்கே போடுங்கள். ஓரத்தில் வரைந்தவர் கையெழுத்து இருக்கும், அதையும் சேர்த்து எடுங்கள்.

சிவகாசி மருமகள்

கல்யாணமாகி வந்தது அச்சகக் குடும்பத்துக்கு. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டுமே, அதற்காக வளர்ந்த அச்சகங்கள்தான் காலண்டர், சினிமா போஸ்டர் என்று விரிந்தன.

மதுரைக்காரன் அண்ணன் சொன்ன அந்த இரண்டு தாள் முகம் இருக்கிறதே, அதன் பாடு எங்கள் பக்கமும் உண்டு. இரண்டும் தனித்தனித் தகடு, தனித்தனி ஓட்டம். மஞ்சள், சிவப்பு, நீலம், கருப்பு நான்கில் ஒரு மை கொஞ்சம் தூக்கலாகிவிட்டால் நெற்றி ஒரு நிறம், தாடை ஒரு நிறம். என் மாமனார் முதல் தாள்களைத் தரையில் விரித்து, நாற்காலி மேல் ஏறி நின்று பார்ப்பார். தலையசைத்த பிறகுதான் மிஷின் ஓடும்.

எங்களுக்குப் பெரிய தலைவலி தேதி. "பொங்கல் முதல்" என்று அடித்து, மடித்து, பார்சலும் கட்டிய பிறகு போன் வரும், படம் தள்ளிப்போகிறது என்று. தாளை வீணாக்க முடியாது. "விரைவில்" என்று துண்டுத் தாள் அடித்து, பெண்கள் நாங்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றின் மேலும் ஒட்டுவோம். 2006இல் தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு என்று அரசு அறிவித்தபோது பெயர்களே மாறின. தலைப்பு எழுத்துக்குப் புதுத் தகடு போட்டு ராத்திரி பகலாக ஓட்டினார்கள்.

யாழ்ப்பாணத்துப் பெடியன்

எங்கட பக்கம் படம் முதலில் காதுக்குத்தான் வந்தது. இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜாவின் குரலில் வரும் பட விளம்பரத்தைக் கேட்டவர்கள் அதை மறக்க மாட்டார்கள். ஒரு வசனம், ஒரு பாட்டுத் துண்டு, மூச்சு விடாமல் அவர் அடுக்கும் சொற்கள், கடைசியில் எந்தத் தியேட்டர் என்று ஒரு வரி. தமிழ்நாட்டிலும் ரேடியோவைத் திருப்பி வைத்து அதைக் கேட்டார்கள் என்று அறிவேன். அதற்குப் பிறகு ராஜா, மனோகரா, வின்ஸர், ரீகல் வாசல்களில் படத்தட்டி பார்க்கவே சைக்கிளில் போவோம். உள்ளே போகக் காசு இருக்காது. ஆனால் என்ன கதையாக இருக்கும் என்று தட்டியைப் பார்த்தே கதைத்துக்கொண்டு திரும்புவோம்.

90களில் மின்சாரம் இல்லாத வருடங்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். சுவரில் போஸ்டர் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. பிறகு ஒருநாள் கஸ்தூரியார் வீதியில் புதுப் படத்தின் பெரிய போஸ்டரைக் கண்டபோது, அந்த நடிகர் எனக்குப் பிடிக்காதவர் என்றாலும் நின்று முழுக்க வாசித்தேன். அச்சகத்தின் பெயர்வரை. சிவகாசி என்று இருந்தது. அக்கா, அது உங்கட வீட்டில் அடித்ததாகவும் இருக்கலாம்.

வடபழனி உதவி இயக்குநர்

இதையெல்லாம் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இன்றைய கதையைச் சொல்கிறேன்.

பெரிய படத்துக்குப் போஸ்டரே ஒரு செய்தி. 2016இல் 'கபாலி'க்காக ஏர் ஏசியா விமானத்திலேயே ரஜினியை வரைந்தார்கள். 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்த இங்கிலாந்து வீரர் மொயீன் அலியிடம் ரசிகர்கள் அஜித்தின் 'வலிமை' பட அப்டேட் கேட்டார்கள். ஃபர்ஸ்ட் லுக் வரும் தேதிக்கே ஒரு போஸ்டர், மோஷன் போஸ்டர், கிளிம்ப்ஸ், டீசர், லிரிக் வீடியோ என்று மாதக்கணக்கில் படம் மக்கள் கண்ணில் இருக்கும். எங்கள் படத்தில் நட்சத்திரம் யாரும் இல்லை. ஃபர்ஸ்ட் லுக்கை ஒரு மாலையில் இணையத்தில் வெளியிட்டோம். பகிர்ந்தவர்கள் பெரும்பாலும் படத்தில் வேலை செய்தவர்களும் அவர்களின் சொந்தக்காரர்களும்தான்.

மிச்சமிருந்த பணத்தில் போஸ்டர் அடித்தோம். ஒட்டுவதற்குப் பணம் வாங்கிக்கொண்ட ஒப்பந்தக்காரர் நகரம் முழுக்க ஒட்டியாயிற்று என்றார். வெள்ளி காலை பைக்கில் சுற்றினேன். பல இடங்களில் எங்கள் போஸ்டரே இல்லை. ஒட்டியிருந்த இடங்களில் பாதிக்கு மேல் வேறொரு பெரிய படம் ஏறியிருந்தது. ஓரத்தில் எங்கள் கதாநாயகியின் ஒரு கை மட்டும் தெரிந்தது. மூன்று வருஷம் உழைத்த இயக்குநரிடம் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஆனால் அன்று காலைக் காட்சி முடிந்ததும் வெளியே நின்று, வந்தவர்களிடம் படம் வந்தது எப்படித் தெரியும் என்று கேட்டேன். நண்பன் சொன்னான், ஆன்லைனில் பார்த்தேன் என்றார்கள் சிலர். கட்டட வேலை செய்யும் ஒருவர், சைதாப்பேட்டை ரயில் நிலையத்துக்கு வெளியே போஸ்டர் பார்த்தேன், தியேட்டர் பெயரும் நேரமும் போட்டிருந்தது, இன்றைக்கு வேலை இல்லை, வந்துவிட்டேன் என்றார். கூட இரண்டு பேரையும் அழைத்து வந்திருந்தார். படம் பிடித்திருந்தது அவருக்கு. அந்தக் காட்சிக்கு வந்த கொஞ்சம் பேரில் மூன்று பேர் அந்த ஒரு போஸ்டரால் வந்தவர்கள். அவர்களுக்கு எங்கள் ஃபர்ஸ்ட் லுக் எந்த நாளும் போய்ச் சேர்ந்திருக்காது. சின்னப் படத்துக்குப் போஸ்டர் செலவு வீண் என்று சொல்கிறவர்களிடம் நான் இவரைப் பற்றித்தான் சொல்கிறேன்.

மதுரை அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். அடுத்த படம் உங்கள் பக்கம் நான்கைந்து தியேட்டரில் வருகிறது. கையில் இருக்கும் கொஞ்சம் போஸ்டரை எங்கே ஒட்டினால் நல்லது?

மதுரைக்காரன்

தம்பி, மெயின் ரோட்டை விட்டுவிடுங்கள். அங்கே பெரிய படத்தோடு மல்லுக்கட்டி ஜெயிக்க முடியாது. அரசுச் சுவரும் பாலத் தூணும் வேண்டவே வேண்டாம். பொது இடங்களை அலங்கோலமாக்குவதைத் தடுக்கும் 1959ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது, வழக்கு உங்கள் மேல்தான் வரும். சொந்தக்காரரிடம் கேட்டுத் தனியார் சுவரில் ஒட்டுங்கள். ஆட்கள் காத்து நிற்கும் இடமாகப் பாருங்கள். ஆரப்பாளையம், மாட்டுத்தாவணி பக்கத்து டீக்கடைகள், காலையில் கூலி வேலைக்கு ஆள் கூடும் முக்குகள், மினி பஸ் நிற்கும் இடங்கள், மாவு மில். நடந்து போகிறவர் போஸ்டரைக் கடந்து போய்விடுவார், காத்து நிற்பவர்தான் கடைசி வரி வரை படிப்பார்.

எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் ஒட்டாதீர்கள். பாதியை வியாழன் ராத்திரி, மீதியை ஞாயிறு காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேலே வேறு படம் ஏறியிருந்தால் திரும்ப ஒட்டலாம். தியேட்டர் பெயர்த் துண்டைக் கண் உயரத்துக்கு ஒட்டச் சொல்லுங்கள். கூலியை இடையில் ஆள் வைக்காமல் ஒட்டுகிறவர் கையிலேயே கொடுங்கள். அவருக்கும் அவர் வீட்டாருக்கும் டிக்கெட் கொடுத்துப் படத்தைப் பார்க்க வையுங்கள். பிடித்துவிட்டால் அவரே நல்ல சுவர் தேடுவார், என் சித்தப்பா அப்படித்தான் செய்தார்.

சித்தப்பா மகன் இப்போதும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறான். தேதி உறுதியானதும் எனக்குத் தனியாக எழுதுங்கள், அவனிடம் பேசி வைக்கிறேன்.