கொழும்பு வெள்ளவத்தைப் பக்கம் கைவல்லிய நவநீதம் சொல்லித் தருபவர் இருக்கிறாரா?

வணக்கம் உறவுகளே. அப்பாவுக்கு 76 வயது. அம்மா போன பிறகு, தாண்டவராய சுவாமிகளின் கைவல்லிய நவநீதம் என்ற வேதாந்தப் பாட்டு நூலைப் பழைய பெட்டியிலிருந்து எடுத்து விடாமல் படிக்கிறார். கண்புரை, எழுத்துகளும் பொடி. அதனால் பின்னேரம் வேலையால் வந்து நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். சந்தி பிரித்து வாசிக்கவே எனக்குத் தடுமாறுகிறது. பொருள் சொல்ல எங்கே போவது?

ஒரு இடத்தில் இருவரும் நின்றுவிட்டோம். கயிற்றைப் பாம்பென்று மயங்கியவனுக்கு விளக்கு வந்ததும் பாம்பு இல்லாமல் போகிறது. அப்படியானால் 'நான் பிரம்மம்' என்று தெளிந்தவனுக்கு உடம்பும் உலகமும் ஏன் இன்னும் தெரிகின்றன? விட்ட அம்பு வேகம் தீரும்வரை பாயும், பிராரப்தமும், அதாவது இந்தப் பிறவியில் பலன் தரத் தொடங்கிவிட்ட பழைய வினையும், அப்படித்தான் என்கிறார்கள். கானல் நீர் பொய்யென்று அறிந்த பின்னும் கண்ணுக்குத் தெரிவதைப் போல என்றும் சொல்வார்கள். எனக்கு இரண்டாவது கொஞ்சம் பிடிபடுகிறது. அப்பாவுக்குப் போதவில்லை. நேற்று பக்கத்தில் விரலை வைத்தபடியே, "அப்ப முத்தி கிடைச்சவனுக்கும் நோகுமோ தம்பி?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைக்குள் வேதாந்தம் முறையாகப் படித்தவர் யாராவது கிழமையில் ஒரு மணித்தியாலம் சொல்லித் தர முடியுமா? போயா (பௌர்ணமி விடுமுறை) நாளென்றால் நானே ஆட்டோவில் அப்பாவைக் கூட்டி வருவேன். பெரிய எழுத்தில் உரையுடன் பதிப்பு, அல்லது பாட்டுக்குப் பாட்டு விளக்கும் ஒலிப்பதிவு இருந்தாலும் சொல்லுங்கள். அடுத்த மாதம் கண் சத்திரசிகிச்சை. அப்புறம் சில நாள் வாசிக்க ஏலாது, அதனால் ஒலிப்பதிவுதான் அவசரம்.