‘வெறி’ என்ற சொல் மணத்தையும் குறித்தது எப்படி?

சொல்தேடி கேட்டது:
சங்கப் பாடல்கள் குறித்த கட்டுரை ஒன்றைத் திருத்திக் கொண்டிருக்கிறேன். அதில் ‘வெறிகமழ்’ என்னும் தொடருக்கு ‘நறுமணம் கமழ்கின்ற’ என்று உரை தரப்பட்டுள்ளது. சாதிவெறி, கொலைவெறி என்று நாம் அஞ்சிச் சொல்லும் அதே சொல் மணத்தைக் குறித்தது எவ்வாறு? ‘தலைவி வெறியாடினாள்’ என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார், அது சரியா? ‘வெறிச்சோடிய தெரு’ என்பதும் இதே சொல்லின் வழி வந்ததா?

பழஞ்சுவடி:
கடைசிக் கேள்விக்கு விடை எளிது. வெறிச்சோடுதல் என்பது வெறுமை, வெறுங்கை ஆகியவற்றோடு சேர்ந்தது. வெறியோடு அதற்கு உறவில்லை. பழைய அகராதிகள் வெறிக்கு மணம், கள், ஆடு, பேய், மயக்கம், வேலனாடல் (முருகனின் பூசாரியான வேலன் தெய்வமேறி ஆடும் வெறியாட்டு) எனப் பல பொருள்களைத் தருகின்றன. மூக்கைத் துளைக்கும் மணம் தலையைக் கிறங்கச் செய்வதால், மணத்திலிருந்து மயக்கமும் மயக்கத்திலிருந்து பித்தும் பிறந்தன என்பது என் கருத்து.

குறிஞ்சிவாணன்:
அவ்வளவு நேர்கோடாக இது வளர்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தெலுங்கில் ‘வெர்ரி’ என்றால் பைத்தியம். மலையாளத்திலும் வெறி உண்டு. இனமொழிகளிலும் பித்துப் பொருளே முன்னிற்பதால், மணத்தை மூலமாகக் கொள்ளத் தயங்குகிறேன். ‘முருகு’ என்ற சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்கும் மணம், தெய்வம், வெறியாட்டு ஆகிய மூன்று பொருள்களும் உண்டு. வெறிபாடியதாலேயே பெயர்பெற்ற காமக்கண்ணியாரின் அகநானூறு 22ஆம் பாடலில், முருகனை வழிபட்டால் தலைவியின் மெலிவு தணியும் என்று முதிய பெண்கள் சொல்ல, களம் இழைத்து, கண்ணி சூட்டி, ‘உருவச் செந்தினை குருதியொடு தூஉய்’ நள்ளிரவில் முருகனை வரவழைக்கிறார்கள். அதே இரவில் தலைவன் சந்தனம் மணக்க, வண்டு மொய்க்கும் மலைப்பூச் சூடிக் களவாக வருகிறான். மணமும் தெய்வமேறலும் ஒரே இரவில் கலந்து நிற்கும் இந்தக் காட்சியில் எது முதற்பொருள், எது வழிப்பொருள் என்று எப்படிப் பிரிப்பது?

தலைவி அங்கே ஆடவில்லை என்பதையும் கவனியுங்கள். தொல்காப்பியமும் ‘வெவ்வாய் வேலன் வெறியாட்டு அயர்ந்த காந்தள்’ என்று, ஆடுபவனாக வேலனையே சொல்கிறது.

வடகரையாள்:
இலங்கைத் தமிழில் வெறி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது குடிமயக்கம்தான். ‘ஆள் நல்ல வெறி’ என்றால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறார் என்று பொருள். குடிகாரரை ‘வெறிக்குட்டி’ என்பதும் உண்டு. எனவே ‘வெறியில் வந்தான்’ என்று ஒருவர் எழுதினால் எங்களுக்குக் கொலைகாரன் தோன்றமாட்டான், தள்ளாடுகிறவனே தோன்றுவான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கோபம் வரும், தணியும், வெறியோ பிடிக்கும், ஏறும், தெளியும். பேய்க்கும் கள்ளுக்கும் உரிய வினைகளையே மதவெறிக்கும் இன்றுவரை கொடுத்துவருகிறோம். தனக்குள் ஊறிய உணர்ச்சியாக அல்ல, வெளியிலிருந்து வந்து ஆளைக் கைப்பற்றும் ஒன்றாகவே இச்சொல் அதைக் காட்டுகிறது. வெறியனுக்கு இது வசதியான சாக்காகிவிடுவதுதான் எனக்கு உறுத்தல்.

சொல்தேடி:
மிக்க நன்றி. ‘தலைவி வெறியாடினாள்’ என்பதை ‘தலைவியின் பொருட்டு வேலன் வெறியாடினான்’ என்று மாற்றிவிட்டேன். ‘வெறிகமழ்’ என்பதற்கான உரையைத் தொடவில்லை. முருகு பற்றிய குறிப்பை மட்டும் அதன் அருகே சேர்த்திருக்கிறேன்.